ஜுரம் விட்டுவிட்டது என்று நம்பி வேலைக்குப் போன சனிக்கிழமை

போன வருஷம் தீபாவளி முடிந்த அடுத்த வாரம் என் பையனுக்கு டெங்கு வந்தது. பத்து வயது, 27 கிலோ, ஐந்தாம் வகுப்பு. நாங்கள் இருப்பது கொருக்குப்பேட்டை. வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், அந்த வாரம் லோடு ஏற்றிக்கொண்டு ஒடிசா பக்கம் போயிருந்தார். மாமியார் திண்டிவனத்தில், அவருக்கும் முட்டிவலி, வரமுடியாது. ஆகவே முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை நானும் அவனும்தான். இத்தனைக்கும் டெங்கு எனக்குப் புதுப் பெயர் இல்லை. எங்கள் தெருவில் வருஷா வருஷம் மழைக்காலத்தில் யாருக்காவது வரும், போகும். ஆனால் அது உடம்புக்குள் போய் என்ன செய்கிறது, எந்த நாள் ஆபத்தான நாள் என்று ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அந்தச் சனிக்கிழமை நான் வீட்டை விட்டு நகர்ந்திருக்கவே மாட்டேன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்தவன் பையைக்கூடக் கழற்றாமல் படுத்துவிட்டான். தொட்டால் கொதிக்கிறது, 103. கண்ணுக்குப் பின்னாடி வலிக்கிறது என்றான், இடுப்பு வலிக்கிறது என்றான். தெருமுனை மருந்துக்கடையில் சொன்னதும் ஒரு சிரப் கொடுத்தார்கள், கொடுத்தால் அரை மணியில் ஜுரம் இறங்கியது, எனக்கும் சந்தோஷம். இரண்டு நாள் அதையே கொடுத்தேன். அது மெஃபனமிக் ஆசிட் கலந்த சிரப் என்பது பிறகுதான் தெரிந்தது. டெங்கு என்று சந்தேகம் இருந்தால் அந்த மருந்து, ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் எதுவுமே கூடாது. வயிற்றுக்குள் ரத்தம் கசிய அது வழி செய்துவிடும், ரத்தத்தை உறையவைக்கிற பிளேட்லெட்டின் வேலையையும் கெடுக்கும். வெறும் பாராசிட்டமால், அதுவும் குழந்தையின் எடைக்கு ஏற்ற அளவு, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம், அவ்வளவுதான். மழைக்காலத்தில் என்ன ஜுரம் என்றே தெரியாத நிலையில் வேகமாக இறக்குகிற மருந்து வேண்டும் என்று கடையில் போய் நிற்காதீர்கள். நான் அப்படித்தான் நின்றேன்.

வியாழக்கிழமை கிளினிக் டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார். டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடுகிற என்எஸ்1 டெஸ்ட் பாசிட்டிவ். பிளேட்லெட் 1,65,000. அந்தத் தாளில் பிசிவி என்று, ரத்தம் எவ்வளவு கெட்டி என்று காட்டுகிற ஒரு வரி இருந்தது, 36 என்று போட்டிருந்தது. அதை நான் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. டாக்டரும் பிளேட்லெட்டைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லம்மா, ஒன்றரை லட்சத்துக்கு மேல இருக்கு. தண்ணி நிறைய குடுங்க, சனிக்கிழமை மறுபடி ஒரு தடவ டெஸ்ட் எடுங்க" என்றார். அவர் சொன்னது சரிதான். சனிக்கிழமை எடுக்கவில்லை என்பதுதான் தப்பு, அது என் தப்பு.

ஏன் எடுக்கவில்லை என்றால், சனிக்கிழமை காலை ஜுரம் இல்லை. 98.4. நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினேன். நான் வேலை செய்வது துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீசில், ஏற்கெனவே மூன்று நாள் லீவு, அதற்கு மேல் போட்டால் சம்பளம் பிடிப்பார்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் பையனை விட்டுவிட்டு, கஞ்சி வைத்து, பப்பாளி இலைச் சாறு பிழிந்து ஒரு டம்ளர் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். பதினோரு மணிக்கு அக்கா போன் செய்தார்கள், வாந்தி எடுக்கிறான் என்று. பப்பாளிச் சாறு கசப்புக்கு எடுத்திருப்பான் என்றேன். ஒரு மணிக்கு மறுபடி போன், மூன்றாவது தடவை எடுத்துவிட்டான், வயிறு வலிக்கிறது என்கிறான். வெறும் வயிற்றில் கேஸாக இருக்கும், சோடா கொடுங்கள் என்றேன். "ஜுரம் இருக்கா அக்கா?" என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டேன். "இல்லம்மா, உடம்பு ஜில்லுனு இருக்கு" என்றார்கள். அந்த ஜில்லென்ற வார்த்தையைக் கேட்டு நான் நிம்மதியாக இருந்தேன். இன்றைக்கும் ராத்திரி முழிப்பு வந்தால் அதுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்தபோது பாயை விட்டு இறங்கித் தரையில் படுத்திருந்தான். டிவி ஓடிக்கொண்டிருக்கிறது, அவன் பார்க்கவில்லை. கூப்பிட்டால் "ம்" என்கிறான். கை கால் இரண்டும் ஐஸ், ஆனால் நெற்றியில் வியர்வை. காலையிலிருந்து எத்தனை தடவை சிறுநீர் போனான் என்று அக்காவைக் கேட்டால் அவர்களுக்குத் தெரியவில்லை. யோசித்துச் சொன்னார்கள், போகவே இல்லைபோல என்று.

ஆட்டோ பிடித்தால் ரயில்வே கேட் போட்டிருக்கிறது. ஒரு கூட்ஸ் வண்டி போய் முடிய பதினைந்து நிமிஷம். பக்கத்தில் தெரிந்த ஒரு நர்சிங் ஹோமில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். உள்ளே எடுக்கவே 25,000 முன்பணம் கேட்டார்கள், கழுத்தில் இருந்த ஒன்றேகால் சவரன் செயினை அடகுக் கடையில் வைத்து 40,000 வாங்கி வந்து கட்டினேன். பிளேட்லெட் 38,000 ஆகிவிட்டது, உடனே நான்கு பை பிளேட்லெட் ஏற்பாடு செய்யுங்கள் என்று ஒரு சீட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள். அவ்வளவுதான், அதற்கப்புறம் என் மனசு முழுக்க அந்த எண்ணில் போய் ஒட்டிக்கொண்டது. ரத்த மாதிரிக் குப்பியைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு ராத்திரி ஒன்பது மணியிலிருந்து ஒவ்வொரு ரத்த வங்கியாக ஆட்டோவில் அலைந்தேன். மூன்றாவது இடத்தில் கிடைத்தது, 4,800 ரூபாய். திரும்பி வரும்போது மணி இரண்டரை. அந்த ஐந்தரை மணி நேரமும் பிள்ளைக்கு ஒரே ஒரு பாட்டில் குளுக்கோஸ் சொட்டுச் சொட்டாக ஏறிக்கொண்டிருந்தது. இடையில் ஒரு தடவைகூட பிபி பார்க்கவில்லை என்று பக்கத்துப் படுக்கை அம்மா சொன்னார்கள். நான் வந்து நின்றதும், இங்கே ஐசியு இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். 108ஐக் கூப்பிட்டு எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போனோம். போகும் வழியெல்லாம் பிளேட்லெட் பைகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன், அதில்தான் அவன் உயிர் இருக்கிறது என்று நினைத்து.

எழும்பூரில் டியூட்டியில் இருந்த டாக்டர் சின்னப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. பிளேட்லெட் எவ்வளவு என்று அவர் கேட்கவே இல்லை. முதலில் அவன் விரலைப் பிடித்து நகத்தை அழுத்தினார். நகம் வெள்ளையானது. விட்டார். நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன், வெள்ளை அப்படியே நிற்கிறது, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு எண்ணிய பிறகுதான் மெல்ல சிவப்பு திரும்புகிறது. என் நகத்தையும் அழுத்திக் காட்டினார், விட்ட உடனே சிவந்துவிட்டது. இரண்டு செகண்டுக்குள் திரும்ப வேண்டும் என்றார். அப்புறம் பிபி, மேலே 86, கீழே 72. "மேலே உள்ளது மட்டும் பார்த்தா பையனுக்குப் பரவாயில்லன்னு தோணும்மா. ரெண்டுக்கும் நடுவுல 14தான் இருக்கு. 20க்குக் கீழே வந்தாலே ஷாக், ரத்த ஓட்டம் படுத்துடுச்சுன்னு அர்த்தம்" என்று சொல்லிக்கொண்டே இரண்டு கையிலும் ஊசி குத்திவிட்டார். முதல் ஒரு மணி நேரத்தில் 270 மில்லி சலைன் ஏற்றினார்கள், கிலோவுக்குப் பத்து என்று கணக்கு. பிசிவி எடுத்தார்கள். 47. நான் பையிலிருந்து வியாழக்கிழமைத் தாளை எடுத்துக் கொடுத்தேன், அதில் 36. டாக்டர் இரண்டையும் பார்த்துவிட்டு, "இதாம்மா விஷயம்" என்றார். மடியில் இருந்த பிளேட்லெட்டைக் காட்டினேன். "ரத்தம் எங்கேயும் வரலை, இப்போ இது தேவையில்லை. இவனுக்கு வேண்டியது தண்ணி" என்றார்.

விடிய விடிய அவர் வந்து பார்க்கும்போதெல்லாம் நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், அவரும் சலிக்காமல் சொன்னார். அப்புறம் நானாகவும் தேடிப் படித்தேன். எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். கொசு கடித்ததும் வைரஸ் முதலில் பிடிப்பது தோலில் காவல் இருக்கிற செல்களைத்தான். கிருமி வந்தால் பிடித்துக்கொண்டுபோய் நிணநீர்க் கட்டியில் காட்டிக்கொடுப்பது அந்தச் செல்களின் வேலை. இந்த வைரஸ் அவற்றுக்குள்ளேயே பெருகி, அவை போகும் வழியிலேயே சவாரி செய்து ரத்தத்துக்கு வந்துவிடுகிறது. அதற்கு நான்கிலிருந்து பத்து நாள் வரை ஆகும். உடம்பு அபாயச் சங்கு ஊதுகிறதே, அதுதான் ஜுரமும் வலியும். எலும்பு மஜ்ஜையிலும் கை வைப்பதால் பிளேட்லெட் உற்பத்தி குறைகிறது, இருக்கிற பிளேட்லெட்டும் வேகமாக அழிகிறது. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் ஜுரம் விடுகிறது, ரத்தத்தில் வைரஸும் குறைகிறது. ஆனால் எதிர்ப்புச் சக்தி கிளப்பிவிட்ட கலவரம் அப்போதுதான் உச்சத்துக்கு வருகிறது. ரத்தக் குழாயின் உள்பக்கம் ஒரே ஒரு செல் கனத்துக்கு ஒரு சுவர், அதன்மேல் சர்க்கரைப் பொருளால் ஆன மெல்லிய பூச்சு. டெஸ்ட்டில் பாசிட்டிவ் என்று வந்ததே என்எஸ்1, அந்தப் புரதமே அந்தப் பூச்சை அரிக்கிறது, எதிர்ப்பு செல்கள் கொட்டுகிற ரசாயனங்களும் சேர்ந்து சுவரை இளக்கிவிடுகின்றன. சுவர் இளகினால் ரத்தத்தில் இருக்கிற நீர் மட்டும் வெளியே வடிந்து வயிற்றுக்குள்ளும் நெஞ்சுக்கூட்டிலும் தேங்குகிறது. சிவப்பணு பெரியது, அது உள்ளேயே நிற்கும். தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் தண்ணீர் சொட்டிப் போய் உள்ளே கெட்டியாக நிற்குமே, அதுபோல ரத்தம் கெட்டியாகிறது. அந்தக் கெட்டியைத்தான் பிசிவி காட்டுகிறது. 36 இருந்தது 47 ஆனதென்றால் அவ்வளவு நீர் குழாயை விட்டுப் போய்விட்டது. முன்பு இருந்ததைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடினாலே கசிவு பெரிசு என்று அர்த்தமாம், இவனுக்கு அதைவிட அதிகம். காலையில் ஸ்கேன் எடுத்தபோது வலது பக்கம் நுரையீரலைச் சுற்றி நீர், வயிற்றிலும் நீர், பித்தப்பைச் சுவர் வீங்கியிருந்தது. வயிற்றுவலி கேஸ் இல்லை, இதுதான்.

இந்த நோயின் கடும் வடிவத்துக்கு ரத்தக்கசிவு ஜுரம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். 1953, 54இல் மணிலாவில் குழந்தைகளுக்கு இது பரவியபோது வந்த பெயர். அந்தப் பெயர் என்னைக் கெடுத்தது. மூக்கில் ரத்தம் வருகிறதா, பல் ஈறில் வருகிறதா, மலம் கறுப்பாகப் போகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், எதுவும் இல்லை, ஆகவே பயமில்லை என்று இருந்தேன். எபோலா மாதிரி இன்னும் கொடிய ரத்தக்கசிவு ஜுரங்களிலும்கூட நிறையப் பேர் உயிர்விடுவது ரத்தம் கொட்டி அல்ல, உடம்பின் நீர்ச்சத்து இழந்து ரத்த ஓட்டம் நின்றுபோய்த்தான்.  டெங்குவைப் பொறுத்தவரை 2009இலேயே உலக சுகாதார நிறுவனம் வகைப்பாட்டை மாற்றிவிட்டது. ஓயாத வயிற்றுவலி, விடாத வாந்தி, சோர்ந்து கிடப்பது அல்லது இருப்புக்கொள்ளாமல் புரளுவது, ஈறு மூக்கில் ரத்தம், பிசிவி ஏறி பிளேட்லெட் சட்டென்று இறங்குவது, இவை எச்சரிக்கை அறிகுறிகள். என் பையனுக்குச் சனிக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கே இதில் இரண்டு இருந்தது. அப்போதே போயிருந்தால் ஷாக் வரைக்கும் போயிருக்காது என்று டாக்டர் சொன்னார். திட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். நான் வராண்டாவுக்கு வந்து அழுதேன்.

இவனுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கடுமையாக வந்தது, தெருவில் மற்றப் பிள்ளைகள் ஐந்து நாளில் எழுந்து ஓடினார்களே என்று கேட்டேன். பழைய தொற்றின் எதிர்ப்புப் பொருளைக் காட்டுகிற ஐஜிஜி டெஸ்ட் அப்போதே பாசிட்டிவாக இருந்தது, அதை வைத்து இது அவனுக்கு இரண்டாவது டெங்குவாக இருக்கும் என்றார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான்கு நாள் ஜுரம் வந்தது ஞாபகம் இருக்கிறது, வைரல் ஜுரம் என்று விட்டுவிட்டோம். டெங்குவில் நான்கு வகை. ஒரு வகை வந்து போனால் அந்த வகை மறுபடி வராது, ஆனால் வேறு வகை வந்தால் பழைய எதிர்ப்புப் பொருள் அதைப் பிடித்துக்கொள்ளும், கொல்லத் தெரியாது. பிடித்த கையோடு கொண்டுபோய்க் காவல் செல்லுக்குள்ளேயே விட்டுவிடும், வைரஸுக்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி. கியூபாவில் 1977இல் முதல் வகை பரவியது, 1981இல் இரண்டாம் வகை வந்தபோது மூன்று லட்சத்து நாற்பதாயிரம் பேருக்கு மேல் நோய், 158 பேர் இறந்தார்கள். கடுமையாகப் படுத்தவர்களில் பெரும்பாலோர் முன்னால் ஒரு தடவை வந்தவர்கள். எல்லா இரண்டாம் டெங்குவும் இப்படி ஆகாது, பெரும்பாலும் ஆகாது. ஆனாலும் உங்கள் பிள்ளைக்கு முன்பு டெங்கு வந்திருந்தால் அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள், அடுத்த தடவை டாக்டரிடம் முதல் பேச்சாக அதைச் சொல்லுங்கள்.

அந்த ஞாயிறு முழுக்க எனக்கு ஒரே வேலை, சிறுநீரை அளவு ஜாடியில் பிடித்து மணியோடு எழுதி சிஸ்டரிடம் காட்டுவது. மணிக்குப் பதினைந்து மில்லியாவது வரவேண்டும். முதலில் பத்துதான் வந்தது, டீ டிகாக்ஷன் நிறத்தில். மத்தியானம் இருபது, சாயங்காலம் நாற்பது, நிறமும் வெளுத்தது. பிசிவி 47லிருந்து 43, அப்புறம் 41. பிளேட்லெட் இன்னும் இறங்கி 24,000 வரைக்கும் போனது, அங்கே யாரும் பதறவில்லை. வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்களும் இதைச் செய்யலாம், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றால் அதற்கு மேல் வீட்டில் இருக்கக்கூடாது. வெறும் தண்ணீர் மட்டும் போதாது, ஓஆர்எஸ், உப்புப் போட்ட கஞ்சி, இளநீர், மோர் என்று வாய்க்கு ஏற்றபடி கொஞ்சம் கொஞ்சமாக. பீட்ரூட், மாதுளை ஜூஸ் வேண்டாம் என்றார் சிஸ்டர், வாந்தி எடுத்தால் அது ரத்தமா ஜூஸா என்று தெரியாதாம். பப்பாளிச் சாறு பற்றி நான் சண்டைக்கு வரவில்லை, ஆனால் என் பிள்ளை அதைக் குடித்து எடுத்த வாந்தியில் உடம்பில் இருந்த தண்ணீரும் சேர்ந்து போனது.

திங்கட்கிழமை மத்தியானம் டிரிப்ஸைக் கழற்றிவிட்டார்கள். நான் சிஸ்டரிடம் சத்தம் போட்டேன், தண்ணிதான் மருந்து என்று சொல்லிவிட்டு இப்போது ஏன் நிறுத்துகிறீர்கள் என்று. கசிவு இருப்பது ஒன்று, இரண்டு நாள்தான், அதற்கப்புறம் சுவர் தானாக இறுகி, வெளியே போன நீரெல்லாம் திரும்பி ரத்தத்துக்கே வருகிறது, அந்த நேரத்திலும் ஏற்றிக்கொண்டே இருந்தால் நுரையீரலில் தண்ணீர் கோத்துவிடும் என்று விளக்கிய பிறகுதான் அடங்கினேன். அவர்களிடம் மன்னிப்பும் கேட்டேன். செவ்வாய்க்கிழமை காலை கால் முழுக்கச் சிவந்து, நடுநடுவே வெள்ளை வெள்ளையாகத் திட்டு. பயந்துபோய்க் காட்டினால் சிஸ்டர் சிரித்தார்கள், இது குணமாகிறதற்கு அடையாளம் என்று. அரிக்கிறது என்று சொறிந்துகொண்டே, "அம்மா, பசிக்குது, இட்லி வேணும்" என்றான். ஆறு நாளுக்கப்புறம் அவனாகக் கேட்ட முதல் சாப்பாடு. புதன்கிழமை பிளேட்லெட் 1,10,000, யாரும் எதுவும் ஏற்றாமல் தானாக ஏறியது. நான் அலைந்து வாங்கின நான்கு பையும் வீணாகப் போனது, யாரோ கொடுத்த ரத்தம், அதுதான் மனசுக்குக் கஷ்டம்.

செலவைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். கிளினிக் 600, டெஸ்ட்டுகள் 1,850, நர்சிங் ஹோமில் ஒன்பது மணி நேரத்துக்கு 31,400, பிளேட்லெட் 4,800, ஆட்டோவும் வெளிச் சாப்பாடும் 3,500, சம்பளத்தில் பிடித்தது 6,300. மொத்தம் 48,450. உயிரைக் காப்பாற்றிய எழும்பூரில் ஒரு ரூபாய் வாங்கவில்லை. கையில் பணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், குழந்தை ஷாக்கில் இருக்கிறது என்று தோன்றினால் ஐசியு இருக்கிற இடத்துக்கு நேராகப் போங்கள். நடுவில் எங்கேயாவது நிறுத்தினால், எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை பிபியும் பிசிவியும் பார்ப்பீர்கள் என்று கேளுங்கள், பதில் சரியில்லை என்றால் அப்போதே கிளம்புங்கள்.

வீட்டுக்கு வந்த மறுநாள் மாநகராட்சியிலிருந்து கொசுப்புழு பார்க்கிற அம்மா வந்தார்கள். லாரித் தண்ணீர் பிடிக்கிற நீல டிரம் இரண்டையும் நான் மூடித்தான் வைப்பேன், பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர்கள் நேராக ஃபிரிட்ஜுக்குப் பின்னால் குனிந்து, கீழே இருக்கிற தட்டை உருவி டார்ச் அடித்தார்கள். இரண்டு விரல் அளவு தண்ணீர், அதில் நூல் துண்டு மாதிரி நெளிந்துகொண்டு மேலே வருவதும் கீழே போவதுமாக முப்பது நாற்பது. அப்படி ஒரு தட்டு அங்கே இருப்பதே எனக்குத் தெரியாது. பகலில் கடிக்கிற கொசு அது, நான் ராத்திரிதான் கொசுவத்தி ஏற்றுவேன். கவிழ்த்தால் மட்டும் போதாது, ஓரத்தில் ஒட்டியிருக்கிற முட்டை காய்ந்தாலும் மாசக்கணக்கில் உயிரோடு இருக்கும், தேய்த்துக் கழுவ வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இப்போது ஞாயிறு காலையில் தட்டையும் டிரம்மையும் தேங்காய் நாரால் தேய்க்கிறேன், பையன் டார்ச் பிடிக்கிறான். அவனுக்கு இன்னும் இரண்டு வகை வரப் பாக்கி இருக்கிறது. அந்த இரண்டு தாளையும், 36 போட்டதும் 47 போட்டதும், ரேஷன் கார்டோடு ஒரே கவரில் போட்டு வைத்திருக்கிறேன்.